வலப்பக்க இருக்கை

அநியாயம் நடந்தது என் அத்தை மெத்தில்தாவுக்கு. செய்தவர் வண்டி பார்க்கும் இன்ஸ்பெக்டர் வில்வநாதன். அத்தை தன் கையால் பிரித்துத் தன் கையால் மாட்டிய கார், பிரான்சில் வருடக்கணக்கில் ஓட்டிய கார், அதைக் கப்பலேற்றிக் கொண்டுவந்து பதிவுக்காகப் போன வாரம் இதே ஆர்.டி.ஓ. மைதானத்தில் நிறுத்தியபோது, "இது யாருக்காகக் கொண்டாந்தது, உண்மையைச் சொல்லிடுங்கம்மா" என்று கேட்டார். கேட்டுவிட்டுச் சிரித்தார். அதையும் அவளைப் பார்த்துக் கேட்கவில்லை, என்னைப் பார்த்துக் கேட்டார், ஏனென்றால் நான் வலப்பக்கம் உட்கார்ந்திருந்தேன், இந்த நாட்டில் வலப்பக்கம் உட்கார்ந்திருப்பவர்தான் ஓட்டுகிறவர், ஸ்டியரிங் இடப்பக்கம் இருப்பது கண்ணுக்கு நேரே தெரிந்தாலும் எல்லோருடைய வாயும் வலப்பக்கத்து ஜன்னலுக்குத்தான் வரும். யாருக்காக. ஒரு வாரமாக இந்தச் சொல் என் பல்லிடுக்கில் கறிவேப்பிலை நரம்பு மாதிரி மாட்டிக்கொண்டிருக்கிறது, நாக்கால் தள்ளித் தள்ளிப் பார்க்கிறேன், போகவில்லை. பினாமி என்று நேராகச் சொல்லியிருந்தால் மறுத்திருக்கலாம். யாருக்காக என்றால் என்ன சொல்வது? எனக்காக என்று ஒரு பெண் சொன்னால் அது பதில் மாதிரியே இவர்கள் காதில் விழுவதில்லையே. மகனுக்காக என்று சொல்லியிருந்தால் தலையாட்டியிருப்பார், தம்பிக்காக என்றால் பாசம் என்று பாராட்டியிருப்பார். நான் விடவில்லை, சட்டம் எந்தப் பிரிவில் சார் இந்தக் கேள்வியைக் கேட்கச் சொல்கிறது என்று ஆரம்பித்தேன், ஐம்பது வயது தாண்டிய வண்டி, உடம்பும் இன்ஜினும் பிறந்தபடியே இருக்கிறது, சேஸிஸ் எண்ணின் மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து நீங்களே அச்செடுத்துப் பார்த்தாயிற்று, எண் பொருந்துகிறது, அப்புறம் என்ன என்று கேட்டேன். கேட்டது சரிதான், இன்றைக்கும் சரிதான் என்பேன். அவர் என் பேச்சு முடியும்வரை காது குடைந்துவிட்டு, அடுத்த வாரம் வீட்டு ஆம்பளை யாராவது இருந்தா கூட்டிக்கிட்டு வாங்க, அதுதான் கடைசி, அப்புறம் வண்டி ரோட்டுக்கு வரக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். அதனால் இன்றைக்கு வீட்டு ஆம்பளையாக அப்பா வந்திருக்கிறார். நான் வாயைத் திறக்கக் கூடாது. காலையில் ரொட்டியைக் காப்பியில் தோய்த்துத் தின்றுகொண்டே அத்தை சொன்னாள், "ரொசாலி, நீ வர்றதுன்னா வா. ஆனா பேச்சு என்னோடது." சரி என்று தலையாட்டினேன். ஆட்டியிருக்கக் கூடாதோ. பல்கலைக்கழகத்தில் மைக்கைப் பிடுங்கினாலும் நிறுத்தாதவள் நான், அரசியல் அறிவியல் துறையில் எனக்கு எதிரணியில் உட்கார ஆள் தேட வேண்டும், இங்கே ஊமைச்சாமியாக வெந்துகொண்டிருக்கிறேன்.

வெந்துகொண்டிருக்கிறேன் என்பது சும்மா சொல்வதில்லை. இந்தக் காரில் ஏசி கிடையாது, கூரை என் தலையில் உரசுகிறது, பின்பக்கம் இன்ஜின் இன்னும் சூடு ஆறாமல் டிக் டிக் என்று சுருங்குகிறது, பெட்ரோலும் பழைய தோலும் அத்தை தடவும் லவண்டர் தைலமும் சேர்ந்த ஒரு வாசனை. இருக்கை தரையோடு தரையாக இருப்பதால் மைதானம் முழுக்க முழங்கால் உயரத்தில்தான் தெரிகிறது. கைலிகள், காக்கிக் கால்சட்டைகள், எஃப்.சி. சான்றிதழுக்கு நிற்கும் ஆட்டோக்களின் டயர்கள், பைக்கில் எட்டுப் போட்டுக் கால் ஊன்றித் தோற்றுப்போகும் பையன்களின் செருப்புகள். ஒரு நாய் வந்து என் கண்ணுக்குக் கண் நேராக நின்று பார்த்துவிட்டுப் போயிற்று, அது ஒன்றுதான் யாருக்காக என்று கேட்கவில்லை. மற்றவர்கள் வலப்பக்கத்து ஜன்னலில் குனிகிறார்கள். மைலேஜ் என்னம்மா. எவ்வளவு போகும். என்ன விலை சொல்றாங்க. என்ன பேரு இந்த வண்டிக்கு. பேரை நான் சொல்ல மாட்டேன், சொன்னால் உடனே போனை எடுத்து விலை தேடுவார்கள், தேடிவிட்டு அத்தையை வேறு மாதிரிப் பார்ப்பார்கள், இப்போதே பார்க்கிறார்கள். நீல நிறம், இரண்டு கதவு, முகத்தில் நான்கு விளக்கு, அது போதும். ஓட்டுகிறவள் பக்கத்தில் இருக்கிறாள், ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, நரைத்த முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டு, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, அவளிடம் ஒருவரும் கேட்பதில்லை. போன மாதம் தற்காலிக நம்பரில் அப்பாவை வலப்பக்கம் உட்காரவைத்துக் கடற்கரைப் பக்கம் ஒரு சுற்று வந்தபோது போக்குவரத்துப் போலீஸ்காரர் அப்பாவுக்கு சல்யூட் வைத்தாராம். அப்பா அதைத் திருப்பி வைத்தார் என்பதுதான் எனக்குக் கோபம். அப்பா இப்போது நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டிருக்கிறார், கேட் வாசலில் வாங்கினாராம், கண்ணாடியில் ஜெபமாலை தொங்குகிறது, சர்ச் சாமியார் மந்திரித்த தண்ணீர் டிக்கியில் இருக்கிறது, எலுமிச்சம்பழம் எதற்கு என்று கேட்டால், எல்லாம் ஒரு பாதுகாப்புக்குத்தான் என்பார். கேட்க முடியாது. பேச்சு என்னோடதில்லை.

என் பக்கத்துக் கதவில் ஒரு சமாச்சாரம் இருக்கிறது. பூட்டு தேய்ந்துபோய்விட்டது, இந்த வண்டியோடு பிறந்த பூட்டு, இழுத்தால் திறக்காது. உள்ளேயிருந்து என்றால் முழங்காலால் கதவை ஒரு அழுத்து அழுத்தி, கதவை மேலே தூக்கிய மாதிரி பிடித்து, பிடியைப் பின்னால் இழுக்காமல் முன்னால் தள்ள வேண்டும். வெளியிலிருந்து என்றால் கட்டைவிரலால் பொத்தானை அமுக்கிக்கொண்டே இடுப்பால் ஒரு தட்டு. வந்த புதிதில் நான் இழுஇழு என்று இழுத்தேன், அத்தை பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, அது முரட்டுப் பிள்ளை ரொசாலி, அதட்டினா வராது என்று சொல்லிக்கொடுத்தாள். ஏன் மாத்தலை என்றேன். மாத்தினா இது வேற வண்டியாயிடும் என்றாள். வயதான வண்டிக்கான சலுகை வேண்டுமென்றால் ஒவ்வொன்றும் அசலாக இருக்க வேண்டும், அது சட்டம். அவள் அதைச் சட்டத்துக்காகச் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். பாரிசுக்கு வெளியே ஒரு முதியோர் விடுதியில் அவள் கிழவர்களைத் தூக்கிக் குளிப்பாட்டும் வேலை பார்த்தாள். பத்தொன்பது வயதில் எங்கள் ஊர் வழக்கப்படி ஒரு சொல்தா வீட்டுப் பையனுக்கு, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் குடும்பத்துப் பையனுக்குக் கட்டிவைத்துக் கப்பலேற்றினார்கள், அவன் அங்கே போய் இரண்டாவது குளிர்காலத்தில் பால் வாங்கப் போவதுபோலப் போய்விட்டான். விடுதியில் இருந்த ஒரு கிழவரின் கொட்டகையில் இந்தக் கார் கிடந்தது, கார் என்றால் கார் இல்லை, ஓடு தனியாக, இன்ஜின் மரப்பெட்டிகளில் தனியாக, திருகாணிகள் ஜாம் பாட்டில்களில். கிழவரின் பிள்ளைகள் காயலான் கடைக்குப் போடப் பார்த்தார்கள், அத்தை வாங்கிக்கொண்டாள். மாலை வகுப்பில் மெக்கானிக் வேலை படிக்கப் போனபோது வாத்தியார் அவளைப் பார்த்து, துடைப்பம் அந்த அலமாரியில் இருக்கிறது என்றாராம். அங்கேயும்தான். நான் இதை என் தோழிகளிடம் சொன்னால், பார்த்தாயா, மேற்கு நாட்டிலும் அப்படித்தான் என்று ஒரு திருப்தி வருகிறது அவர்களுக்கு, எனக்கு வருவதில்லை, இரண்டு இடத்தில் மிதிபட்டால் வலி பாதியாகிவிடுமா. அத்தை துடைப்பத்தை எடுத்துத் தன் மேசைக்குக் கீழே மட்டும் பெருக்கிவிட்டு உட்கார்ந்தாளாம்.

உட்கார்ந்தாள், கற்றாள், மாட்டினாள். பிரெஞ்சு விடுமுறைக்கு அவள் ஊருக்கு வரும்போது நாங்கள் சென்ட் பாட்டிலும் சாக்லேட்டும் எதிர்பார்ப்போம், அவள் நகத்துக்கடியில் கறுப்போடு வருவாள், அம்மா அதைப் பார்த்துவிட்டு உச்சுக்கொட்டுவாள். ஓய்வு பெற்று ஒரேயடியாக வருகிறேன் என்று சொன்னபோது எல்லோருக்கும் சந்தோஷம், கூடவே இது வருகிறது என்று தெரிந்ததும் அம்மா மறுபடியும் உச்சுக்கொட்டினாள். அப்பாவுக்கு அவமானம்தான், அதை அவர் கவலை என்று சொல்லிக்கொள்கிறார். துறைமுகத்தில் கார் மாதக்கணக்கில் நின்றது. கடல்காற்றில் உப்புப் படிந்து நின்றது. ஒரு தடவை இன்ஜினை ஓடவிட்டுப் பார்க்கிறேன் என்று அத்தை கேட்டதற்கு, அனுமதி இல்லை என்றார்கள், அப்போ தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டாள். அங்கிருந்த ஆள் கொஞ்சம் யோசித்துவிட்டு, தொடறதுக்கு ரூல் ஒண்ணும் இல்லம்மா என்றார். கூரையின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றாள். நான் பக்கத்தில் நின்றேன். அன்றைக்குத்தான் எனக்குள் ஏதோ முடிவாயிற்று. அதற்கு முன்னால் எனக்கும் இந்தக் காரைப் பிடிக்காது, ஒப்புக்கொள்வதில் எனக்கென்ன வெட்கம், பஸ் கட்டண உயர்வை எதிர்த்து மறியலில் உட்கார்ந்தவள் ஸ்போர்ட்ஸ் காருக்காகக் கொடி பிடிப்பதா என்று எதிரணியில் என்னை வைத்து நானே கேட்டுப்பார்த்திருக்கிறேன். பணக்கார விளையாட்டு, ஏழை நாட்டில் இது ஒரு பிரச்சினையா. இப்போது என் அணியிலிருந்து பதில் சொல்கிறேன்: பணக்காரன் இதைக் கொண்டுவந்தால் யாருக்காக என்று எவனும் கேட்பதில்லை. கிழவர்களைக் குளிப்பாட்டியவள் கொண்டுவந்தால் கேட்கிறான். அப்போ கேள்வி காரைப் பற்றியதா, ஆளைப் பற்றியதா? நடுவர் அவர்களே. நடுவர் யாரும் இல்லை. எலுமிச்சம்பழம் ஒன்று உருண்டு பக்கத்து ஆட்டோவுக்குக் கீழே போய்விட்டது, அப்பா குனிந்து தேடுகிறார்.

அவர் வந்துவிட்டார். இன்ஸ்பெக்டர் இல்லை, கோதண்டபாணி. கடற்கரைச் சாலையில் ஓட்டல் வைத்திருப்பவர், பழைய கார் சேர்ப்பவர், அவருடைய வெள்ளை வண்டி பக்கத்தில் நிற்கிறது, வெள்ளைச் செருப்பு என் ஜன்னலுக்கு நேரே வந்து நிற்கிறது. இந்தக் காரை ஓட்டலின் வரவேற்பு மண்டபத்தில் நிறுத்த வேண்டும் என்று ஆசை அவருக்கு. அடியில் இரும்புத் தாங்கி கொடுத்து, பெட்ரோலை வடித்துவிட்டு, சுற்றிக் கயிறு கட்டி, மேலே விளக்கு. கல்யாண ஜோடிகள் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ளலாம். அப்பாவிடம் மூன்று தடவை வந்து பேசிவிட்டார், பதிவாகவில்லை என்றால் கவலைப்படாதீங்க, நான் எடுத்துக்கறேன், காட்சிக்கு வைக்கப் பதிவு வேண்டாமே என்று. இன்ஸ்பெக்டர் மனதில் இருக்கும் அந்த யாரோ இவர்தான் என்று எனக்குச் சந்தேகம், இவர் அதை மறுக்கவும் இல்லை, ஊரில் கேட்பவர்களிடம் சிரித்து வைக்கிறாராம், நம்ம வண்டி மாதிரிதான் என்று. அத்தை இன்றைக்கு ஜெயிக்கவில்லை என்றால் அந்தக் கயிறுதான். நீலக் கார் பூந்தொட்டி மாதிரி நிற்கும், டயர்களுக்குக் காற்றுகூட வேண்டியிருக்காது. இதைவிட எனக்கு வேறொரு பயம், அதைப் பயம் என்று சொல்லவே கூச்சமாயிருக்கிறது, அத்தை களைத்துப்போய் சரி என்று சொல்லிவிடுவாளோ என்று. நேற்று அப்பா, அக்கா, இந்த வயசுல எதுக்கு இந்த அலைச்சல் என்று ஆரம்பித்தபோது அவள் பதிலே சொல்லவில்லை, முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே இருந்தாள். பதில் சொல்லாமல் இருந்தால் என்ன அர்த்தம், என் உலகத்தில் அது தோல்வி. கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்க்கிறேன், கண்ணுக்குக் கீழே தொங்கும் தோல், உதட்டில் வியர்வை, வயதானவள்தான், யாரும் இல்லை என்று சொல்லவில்லையே, வயதானவளுக்கு வேகம் கூடாது என்று எங்கே எழுதியிருக்கிறது. கோதண்டபாணி குனிந்து என்னிடம், எனக்கு இந்த மாடல் அங்குலம் அங்குலமாத் தெரியும்மா, புத்தகம் புத்தகமா வச்சிருக்கேன் என்கிறார். எனக்குத் தெரிந்த எல்லா வார்த்தையும் தொண்டை வரை வந்து வரிசையில் நிற்கிறது. எச்சிலோடு விழுங்குகிறேன். அத்தையின் விரல் ஸ்டியரிங்கில் ஒரு தடவை தட்டிற்று, எனக்காகத்தான் தட்டினாள்.

இப்போது அவரே வருகிறார், வில்வநாதன், காக்கிச் சட்டை, கையில் கோப்பு, பின்னால் குடை பிடிக்க ஆள் இல்லாத குறை முகத்தில். அப்பாவைப் பார்க்கிறார், கோதண்டபாணியைப் பார்க்கிறார், இரண்டு பேருக்கும் ஒரு வணக்கம், காருக்கு வணக்கம் இல்லை, அத்தைக்கும் இல்லை. சரி, யார் ஓட்டிக் காட்டறது என்று அப்பாவிடம் கேட்கிறார். அப்பா கோதண்டபாணியைப் பார்க்கிறார். கோதண்டபாணியின் டிரைவர் ஒரு அடி முன்னால் வருகிறான். வரட்டும், வந்து பார்க்கட்டும், எந்தப் பக்கம் ஏறுவான் என்று நான் நினைத்துக்கொண்டிருக்கும்போதே பின்னால் இன்ஜின் எழுந்தது. கேட்டவர்களுக்குத்தான் தெரியும் அந்தச் சத்தம், முதுகெலும்பில் ஒருவன் ரம்பத்தை வைத்து ஒரே இழுப்பாக இழுத்த மாதிரி. ஆட்டோக்காரர்கள் திரும்பினார்கள், எட்டுப் போட்டுக்கொண்டிருந்த பையன் காலை ஊன்றிவிட்டான், அந்த டிரைவர் முன்னால் வைத்த அடியைப் பின்னால் எடுத்தான். இன்ஸ்பெக்டர் என் ஜன்னலில் குனிந்து, நீ இறங்கும்மா என்றார். முழங்கால், தூக்கல், முன்னால் தள்ளல், வெண்ணெயாகத் திறந்து இறங்கினேன், அவர் கவனிக்கவில்லை. அவர் உட்கார்ந்த விதம் ஒன்று, கிணற்றில் இறங்குவதுபோல, முழங்கால் மார்புக்கு வந்துவிட்டது, கோப்பை வைக்க மடியில் இடமில்லை, இரண்டு கையும் பழக்கத்தில் எதிரே ஸ்டியரிங் இருக்கும் இடத்துக்குப் போய் வெறுங்காற்றைப் பிடித்துவிட்டுத் திரும்பி வந்தன. நான் கதவைச் சாத்தினேன். மீதி எலுமிச்சம்பழங்கள் ஒரே நேரத்தில் நசுங்கின.

அவள் ஓட்டினாள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன், இதை எப்படிச் சொல்வது, எனக்குச் சொல்ல வராத விஷயங்கள் குறைவு, இது ஒன்று. மைதானத்தின் கோடிவரை போய்த் திரும்பினாள், பைக் பையன்களுக்காகப் போட்டிருந்த எட்டின் மேல் போனாள், கோட்டைத் தொடாமல் ஒரு எட்டு, அதையே பின்பக்கமாக ஒரு எட்டு, தலையைக்கூடத் திருப்பவில்லை என்று தோன்றியது, இடது முழங்கை ஜன்னலில் சாய்ந்திருந்தது. புழுதி எழுந்து எல்லோர் வெள்ளைச் சட்டையிலும் உட்கார்ந்தது, கோதண்டபாணியின் செருப்பிலும்தான். வலப்பக்கத்து ஜன்னலில் இன்ஸ்பெக்டர் தெரிந்தார், இல்லாத பிரேக்கை அவர் வலதுகால் மிதித்துக்கொண்டிருந்ததை உடம்பு முன்னும் பின்னும் போனதில் கண்டுபிடித்தேன். கட்டிலில் கிடக்கும் கனத்த கிழவர்களை வலிக்காமல் புரட்டிப் படுக்கவைத்த கை அது, காரையும் அப்படித்தான் புரட்டினாள். அப்பா என் பக்கத்தில் நின்று, அக்கா இப்படி ஓட்டுவாங்கன்னு எனக்குத் தெரியாதே என்று யாரிடமோ சொன்னார். சல்யூட் வாங்கிய நாளில் நீங்கள் எங்கே பார்த்துக்கொண்டிருந்தீர்கள் அப்பா. கேட்கவில்லை. எங்களுக்கு முன்னால் வந்து நின்றது, இன்ஜின் அடங்கிற்று, டிக் டிக் ஆரம்பித்தது. இரண்டு கண்ணாடியும் இறக்கியிருந்ததால் எல்லாம் கேட்டது. அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு முன்கண்ணாடியைப் பார்த்தே பேசினார். ஓட்டறீங்க, அதை நான் இல்லேங்கல. டாக்டர் வண்டியை டிரைவர்கூட நல்லாத்தான் ஓட்டறான், அதுக்காக அவன் பேர்ல எழுதிட முடியுமா. யாரோடதுன்னுதாம்மா என் கேள்வி. சொல்லிவிட்டு இறங்குவதற்குப் பிடியை இழுத்தார்.

திறக்கவில்லை. மறுபடியும் இழுத்தார். தோளால் முட்டினார், கோப்பு நழுவி அடியில் போயிற்று. கோதண்டபாணி ஓடிவந்தார், நான் பார்க்கறேன் சார், இந்த மாடல் எனக்குத் தெரியும் என்று பொத்தானை அமுக்கினார், இழுத்தார், சாவித் துவாரத்தில் குனிந்து பார்த்தார், புத்தகத்தில் இது இல்லைபோல. அவருடைய டிரைவர் வந்தான். அப்பா வந்தார், வீட்டு ஆம்பளை, அவர் ஒரு கையும் போட்டார். ஒரு கதவுக்கு மூன்று பேர், உள்ளே ஒருவர், வெயில் நேராக அந்தப் பக்கத்தில். ஜன்னல் வழியாக வரலாம் என்றால் அவருடைய உடம்புக்கு அது நடக்கிற காரியமில்லை. ஆட்டோக்காரர்களில் யாரோ, சார், அடுத்த எஃப்.சி. வரைக்கும் அங்கேயேவா என்றான், சிரிப்பு பரவிற்று. அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். ரொசாலி, நீதானே அந்தப் பக்கம் உட்கார்ந்து வந்தே, உனக்குத் தெரியுமில்ல என்றார். கட்டைவிரல், இடுப்பால் ஒரு தட்டு. ஒரு நிமிஷ வேலை. என் கையில் அது அரித்தது, வாயில் அரித்தது, இத்தனை வருடம் விவாதத்தில் நான் பேசி ஜெயித்ததெல்லாம் இந்த இடத்தில் பேசாமல் இருப்பதற்கு முன்னால் ஒன்றுமில்லை என்று தோன்றியது. கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். முருங்கைக்கீரை ஆய்ந்தபோது அவள் தோற்றுக்கொண்டிருக்கவில்லை என்பது இப்போது புரிந்தது. வில்வநாதன் சட்டை முழுக்க நனைந்துவிட்டது. பிடியை விட்டார். வெளியே கோதண்டபாணியைப் பார்த்தார், அவர் உதட்டைப் பிதுக்கினார். அப்பாவைப் பார்த்தார், அப்பா தரையைப் பார்த்தார். வலப்பக்கத்தில் பார்ப்பதற்கு இனி யாரும் இல்லை. அப்போதுதான், இந்த ஒரு வாரத்தில் முதல்தடவையாக, அவர் இடப்பக்கம் திரும்பி என் அத்தையின் முகத்தைப் பார்த்தார்.

"எப்படிம்மா இதைத் திறக்கறது?"

அத்தை சாவியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். அவசரமே படவில்லை.

"இது யாரு வண்டின்னு நினைக்கறீங்களோ, அவங்களைக் கேளுங்க சார்."